காவும் காவிரியும்

திருவானைக்காவலுக்குப் போய் வந்தேன் என்று யாரிடமாவது சொன்னால், "தரிசனம் நன்றாக ஆயிற்றா?" என்றுதான் கேட்பார்கள். "தோட்டம் எப்படி இருந்தது?" என்று கேட்பவரை நான் கண்டதில்லை. ஆனால் ஆனித் திங்களில் ஒரு நாள் விடியற்காலையில் நான் அவ்வூருக்குப் போனது தோட்டம் பார்க்கத்தான்.

ஊரின் பெயரைச் சற்றே பிரித்துப் பாருங்கள். ஆனை, கா. 'கா' என்றால் சோலை. அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடியது ஆனைக்காவைத்தான். 'காவல்' என்பது பிற்காலத்தில் மக்கள் நாவில் புரண்டு வந்த வடிவம். கோலக்கா, நெல்லிக்கா, கோடிகா, குரக்குக்கா என்று சோழ நாட்டில் இப்படிப் பெயர் பெற்ற தலங்கள் வேறு சிலவும் உண்டு. இவ்வூர்களுக்குப் பெயர் வைத்தவர்கள் கோபுரத்தைக் கண்டு வைக்கவில்லை, மதிலைக் கண்டும் வைக்கவில்லை. மரங்கள் அடர்ந்து நின்றதைக் கண்டு வைத்தார்கள். கல்லாலான கோயில் பின்னால் வந்தது. முதலில் இருந்தது சோலையும், அந்தச் சோலைக்கு நீர் தந்த ஆறுமே.

அந்த ஆற்றின் போக்கை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே ஓடும் கிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். தெற்கே ஓடுவது காவிரி என்ற பெயரோடே செல்கிறது. பிரிந்த இரண்டும் கிழக்கே கல்லணைக்கருகில் மறுபடியும் நெருங்கி வருகின்றன. இடையில் நீண்டு கிடக்கும் தீவில்தான் மேற்கே திருவரங்கமும், அதனை அடுத்துக் கிழக்கே திருவானைக்காவும் அமைந்துள்ளன. தீவின் மண் முழுவதும் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும். மேலே வளமான மண், கீழே நீரை வைத்துக் காக்கும் மணல், இருபுறமும் ஆறு. தோட்டம் வைப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கோயிலுக்குள் நுழைந்தபோது நன்றாக விடியவில்லை. ஐந்து திருச்சுற்றுக்களையுடைய பெருங்கோயில் அது. எல்லாவற்றிற்கும் வெளியே நிற்கும் பெருமதிலுக்குத் திருநீற்றான் மதில் என்று பெயர். ஒரு சித்தர் மதிலெடுத்த ஆட்களுக்குக் கூலியாகத் திருநீற்றையே கொடுத்தார் என்றும், அவரவர் செய்த வேலையின் அளவுக்கு அது பொன்னாக மாறியது என்றும் சொல்வார்கள். வேலை செய்யாதவனுக்குச் சாம்பல் சாம்பலாகவே இருந்ததாம்! கூலி கணக்கிட்டுக் கொடுப்பதற்கு இதைவிட நேர்மையான கணக்குப்பிள்ளையை நான் அறியேன்.

மதிலுக்குள்ளே எல்லாம் கற்றளமாக இருக்கும் என்று எண்ணிச் செல்பவர்களுக்கு அங்கே நிற்கும் மரங்கள் வியப்பைத் தரும். இங்கிருந்த தென்னந்தோப்பையும் அதனுள்ளிருந்த சிறு குளத்தையும் 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில நூல்கள் தனியே குறிப்பிடுகின்றன. முற்காலத்தில் ஆண்டுக்கு ஒருநாள் திருவரங்கத்துப் பெருமாளை இத்தோப்புக்கு எழுந்தருளச் செய்வது வழக்கமென்றும், பின்னர்ப் பூசல் விளைந்து அவ்வழக்கம் நின்றதென்றும் அந்நூல்கள் கூறுகின்றன. பெருமாள் தம் ஊரை விட்டுச் சிவன் கோயிலுக்கு விருந்தினராக வந்து தங்கிய இடம் மண்டபம் அன்று, தென்னந்தோப்பு என்பது என் கருத்தில் நின்றது. பிறகு, 1751 முதல் சில ஆண்டுகள் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்காக நடந்த போரில் இந்தத் தீவு பட்ட பாடு பெரிது. சந்தா சாகிபின் படையும் பிரெஞ்சுப் படையும் இவ்விரு கோயில்களையும் பாசறையாக்கிக்கொண்டன. 1752ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தார். ஆயிரக்கணக்கான வீரர்களும் குதிரைகளும் மாதக்கணக்கில் தங்கிய இடத்தில் மரம் என்னவாகும், பூஞ்செடி என்னவாகும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். ஆகவே இன்று அங்கே நிற்கும் தென்னை எதுவும் பழந்தென்னை அன்று. தோப்பு பழையது, மரம் புதியது. தோட்டத்தின் தொன்மை என்பதே இப்படிப்பட்டதுதான்.

உள்ளே சென்று வெண்ணாவல் மரத்தைப் பார்த்தேன். சம்புகேசுவரர் என்ற பெயருக்குக் காரணமான மரம் அது. சம்பு என்பது நாவலின் வடமொழிப் பெயர். நம் நாடு முழுவதையுமே முன்னோர் நாவலந்தீவு என்றும், சம்புத்தீவம் என்றும் வழங்கினர். அசோக மன்னனின் கல்வெட்டிலும் அப்பெயர் உண்டு. அந்த நாவலில் வெண்ணிறக் கனி தரும் வகை அரியது.

தலபுராணம் ஒரு முனிவரைப் பற்றிச் சொல்கிறது. சம்பு முனிவர் இறைவன் தந்த நாவற்கனியை விதையோடு விழுங்கிவிட்டார். விதை வயிற்றில் முளைத்து, தலையைப் பிளந்துகொண்டு மரமாயிற்றாம். இதைக் கேட்டுச் சிரிக்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். நாவல் விதைக்கு உறக்கம் கிடையாது. நெல்லையும் உளுந்தையும் போல உலர்த்திக் குதிரில் வைத்து அடுத்த ஆண்டு விதைக்கலாம் என்றால் நடவாது. பழத்திலிருந்து எடுத்த இரண்டொரு வாரத்துக்குள் மண்ணில் இடவேண்டும். இல்லையேல் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். விழுங்கிய உடனே முளைத்தது என்று கதை கட்டியவர் இந்த விதையின் அவசரத்தை நன்றாக அறிந்தவர் போலும். மற்றொன்றும் உண்டு. நாவலின் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று கன்றுகள் முளைப்பதைக் காணலாம். அவற்றுள் சில, மகரந்தச் சேர்க்கையால் தோன்றாமல் தாய்மரத்தின் திசுவிலிருந்தே தோன்றுவன. அவை தாயின் குணம் மாறாதவை. ஈரத்தில் வேர் ஊறினாலும் நாவல் எளிதில் அழுகாது. ஆற்றங்கரையில் வாழப் பிறந்த மரம் அது.

இனி யானையும் சிலந்தியும். பெரியபுராணத்தில் கோச்செங்கட் சோழர் வரலாற்றில் வரும் இக்கதையை நீங்கள் அறிவீர்கள். நாவல் நிழலில் இருந்த இலிங்கத்தின்மேல் சருகு உதிராதபடி சிலந்தி ஒன்று நூலால் பந்தலிட்டது. யானை ஒன்று துதிக்கையால் நீரும் மலரும் கொண்டுவந்து வழிபட்டது. சிலந்தியின் பந்தலை யானை அசுத்தம் என்று கருதிச் சிதைத்தது. சினங்கொண்ட சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன. சிலந்தியே சோழனாகப் பிறந்து, யானை புக முடியாத கோயில்களைக் கட்டியது என்பது கதையின் முடிவு. சன்னிதியின் வாயில் இன்றும் ஒடுங்கியே இருக்கிறது. ஒன்பது துளையுள்ள கற்பலகணி வழியாகவும் இறைவனைக் காணலாம்.

பக்தியின் பெருமையைக் காட்டும் கதை என்று இதைச் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அன்று காலை மரத்தடியில் நின்றபோது இது இரண்டு தோட்டக்காரர்களின் சண்டை என்றும் எனக்குத் தோன்றியது. ஒருவர் வேலை சருகைப் பார்ப்பது; மற்றவர் வேலை தண்ணீர் விடுவது. இருவரும் தத்தம் வேலையில் குறை வைக்கவில்லை. ஒருவர் செய்த வேலை மற்றவர் கண்ணுக்குக் குப்பையாகப் பட்டது, அவ்வளவுதான். புராணம் இவ்விருவரையும் முற்பிறப்பில் புட்பதந்தன், மாலியவான் என்ற சிவகணங்கள் என்கிறது. பூப்போன்ற பல்லுடையவன் ஒருவன், மாலையணிந்தவன் மற்றவன். பெயரிலேயே பூ! இக்கோயிலில் இன்றும் யானை உண்டு. 2011ஆம் ஆண்டில் வந்த அகிலா என்னும் அந்த யானை குளிப்பதற்கென்று அண்மைக் காலத்தில் ஒரு குளமும் கட்டியிருக்கிறார்கள். முன்பு யானை தண்ணீர் கொண்டுவந்தது. இப்பொழுது யானைக்குத் தண்ணீர் கொண்டுவருகிறோம்.

ஐம்பெரும் பூதத் தலங்களில் இது நீருக்குரியது. கருவறை வெளிநிலத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது. இலிங்கத்தைச் சுற்றி நீர் கசிகிறது. ஆற்றில் நீர் வரும்போது கசிவும் மிகும். இதில் மறைபொருள் ஒன்றும் இல்லை. மணற்பாங்கான தீவில் இருபுறமும் ஆறு ஓடும்போது நிலத்தடி நீர் மேலே எழுகிறது. கிணறு தோண்டினால் எந்த நீர் வருமோ அந்த நீர்தான் கருவறையில் வருகிறது. சோலையின் வேர் குடிப்பதும் அதே நீர். இறைவனுக்கும் நாவலுக்கும் பக்கத்துத் தெருக் கிணற்றுக்கும் ஒரே ஊற்று என்பதை எண்ணிப் பார்த்தபோதுதான், இவ்வூரை நீர்த்தலம் என்று தேர்ந்தவர்களின் கண் எவ்வளவு கூர்மையானது என்பது எனக்கு விளங்கியது.

வெளியே வந்து கல்லணைச் சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றேன். அச்சாலையில் முதலில் வரும் சிற்றூர்களுள் ஒன்று திருவளர்ச்சோலை. அங்கும் பெயரில் சோலை! அதற்கப்பால் பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஊர்கள் தொடரும். ஒருபுறம் காவிரி, மறுபுறம் வாழையும் தென்னையும். பட்டணத்தின் இரைச்சல் இங்கே குறைந்துவிடுகிறது. மேட்டூர் அணை திறக்கப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்தமையால் ஆற்றில் புதுநீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. 1934ஆம் ஆண்டு முதல் இந்த ஆற்றின் நாட்காட்டி மேட்டூரில்தான் எழுதப்படுகிறது. ஜூன் 12 அன்று திறப்பது மரபு. மழை பொய்த்த ஆண்டுகளில் நாள் தள்ளிப்போகும்.

ஆற்றோரத்தில் ஒரு நந்தவனத்துக்கு என்னை அழைத்துச் சென்றார்கள். எந்தக் கட்டளையைச் சேர்ந்தது என்பது இங்கே வேண்டாம். முதியவர் ஒருவர் மட்டுமே வேலை செய்துகொண்டிருந்தார். மல்லிகையும் முல்லையும் ஏற்கனவே பறித்தாகிவிட்டது. அரும்பாக இருக்கும்போதே, வெயில் ஏறுமுன் பறித்தால்தான் மாலையில் கட்டியபின் மலரும். பவளமல்லி மட்டும் தரையில் உதிர்ந்து கிடந்தது. கீழே விழுந்த பூவைச் சாத்தலாகாது என்ற விதிக்கு அது ஒன்றே விலக்கு என்பார்கள். துளசி, நந்தியாவட்டை, அரளி, மருக்கொழுந்து, ஓரத்தில் வில்வம், மகிழம், செண்பகம். எல்லாம் நம் முன்னோர் அறிந்தவை.

ஆனால் தோட்டத்தில் எல்லாமே அப்படி அல்ல. மாலைக்கு இன்றியமையாததாகிவிட்ட நிலச்சம்பங்கியின் தாயகம் மெக்சிக்கோ. சிவனுக்கென்றே படைக்கப்பட்டது போல் இலிங்க வடிவைத் தன்னுள் கொண்டிருக்கும் நாகலிங்கப் பூ தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தது. மஞ்சள் பூக்கும் பொன்னரளியும் அமெரிக்கச் செடியே. நித்தியகல்யாணி மடகாஸ்கர்த் தீவினது; அதன் சாற்றில் புற்றுநோயை எதிர்க்கும் பொருள் இருப்பதைக் கனடா நாட்டு அறிஞர்கள் 1958ஆம் ஆண்டில் கண்டு அறிவித்தார்கள். ஐரோப்பியர் கப்பலில் வருமுன் இப்பூக்கள் எவையும் இங்கே இல்லை. தேவார முதலிகள் நாகலிங்கப் பூவைக் கண்டதில்லை என்றால் நம்ப முடிகிறதா? பழைய தோட்டம் தன் பழமையைப் பூவில் வைத்திருக்கவில்லை. வந்த பூவை ஏற்றுக்கொண்டு, அதே வேலையைத் தொடர்ந்தது.

மரத்தடியில் சருகு குவிந்து கிடந்தது. "பெருக்குவதில்லையா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"பெருக்கினால் வெயில் நேரே மண்ணில் அடிக்கும் ஐயா. சருகு கிடந்தால் இன்று விட்ட தண்ணீர் நாளைக்கும் நிற்கும்" என்றார் அவர்.

யானைக்கும் சிலந்திக்கும் இடையே அவர் எளிதாகச் சமாதானம் செய்துவிட்டார்!

அந்தத் தோட்டத்தின் மூலையில் பழைய கிணறு ஒன்று உண்டு. ஏற்றம் நின்றிருந்ததற்கு அடையாளமாகத் தூண் மட்டும் இருக்கிறது. ஏற்றமரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் சாலைப் பிடித்துக் கவிழ்க்க, இறைப்புக்குக் கணக்கு வைக்கப் பாட்டுப் பாடிய காலம் போய்விட்டது. இப்பொழுது மின்விசை மோட்டார். முன்பு குனிந்து பார்த்தால் முகம் தெரியும் அளவுக்கு நீர் மேலே நின்றதென்றும், இப்போது கோடையில் கிணறு வறண்டுவிடுவதால் ஆழ்குழாய் இறக்கியிருப்பதாகவும் முதியவர் சொன்னார்.

இதன் காரணத்தை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஆற்றுமணலை நாம் கட்டடத்துக்கு உதவும் சரக்கு என்றே எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஆற்றின் நீர்க்குதிர். மேலே ஓட்டம் நின்ற பிறகும் மணலுக்கடியில் நீர் இருக்கும். கையால் தோண்டினாலே ஊற்றுச் சுரக்கும். மணலை வாரி ஆற்றின் படுகையைத் தாழ்த்திவிட்டால், கரையிலுள்ள நிலத்தடி நீர் பள்ளத்தை நோக்கி வடிந்து போகிறது. ஆறு கரைக்கு நீர் தருவதற்கு மாறாக, கரை ஆற்றுக்கு நீர் தரத் தொடங்குகிறது. முன்னொரு காலத்தில் கொள்ளிடம் தாழ்ந்து காவிரி மேடேறியதால் நீர் எல்லாம் வடக்கே போய், தஞ்சைக் கழனிகள் காயும் நிலை ஏற்பட்டது. அதைத் தடுக்கவே 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அந்த அணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடிந்தன. அதே மாதத்தில், திருவானைக்காவலுக்கு வடக்கே கொள்ளிடத்தின் மீது 1928ஆம் ஆண்டு முதல் நின்ற பழைய இரும்புப் பாலமும் தூண் சரிந்து வீழ்ந்தது. அடிமணல் அரித்துப்போனால் கருங்கல் தூணும் நில்லாது. மல்லிகைச் செடி எம்மாத்திரம்?

நந்தவனம் என்பது ஒரு காலத்தில் கோயிலின் அலங்காரம் மட்டும் அன்று. சோழர் காலக் கல்வெட்டுக்களில் திருநந்தவனத்துக்கென்று நிலம் விட்டதும், அதில் உழைப்பவர் உணவுக்கும் உடைக்கும் தனியே நிலம் விட்டதும் காணப்படுகின்றன. பூவுக்கு நிலம் விட்டவர் பூப் பறிக்கும் கைக்குச் சோறு போட மறக்கவில்லை என்பதே அக்கல்வெட்டுக்களில் என்னைக் கவர்ந்த செய்தி.

இத்தீவின் புகழ்பெற்ற தோட்டக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. மண்டங்குடியில் பிறந்த விப்பிரநாராயணர் திருவரங்கத்துக்கு வந்து, நந்தவனம் அமைத்து, துளசியும் மலரும் வளர்த்து, நாள்தோறும் மாலை கட்டி அரங்கனுக்குச் சாத்தினார். அவரே தொண்டரடிப்பொடியாழ்வார். பெருமாளைத் துயிலெழுப்பும் திருப்பள்ளியெழுச்சியைப் பாடியவர் விடியுமுன் பூப்பறிக்க எழுந்த ஒருவர் என்பது பொருத்தந்தானே! திருமங்கையாழ்வார் கோயிலுக்கு மதில் எடுத்தபோது, மதிலின் நேர்வழியில் இவர் பூத்தொண்டு செய்யும் இடம் குறுக்கிட்டதாம். திருமங்கையார் யாருக்கும் எளிதில் வளைந்து கொடுப்பவர் அல்லர். ஆனாலும் அந்த இடத்தில் மதிலை ஒதுக்கிக் கட்டினார் என்று குருபரம்பரை கூறுகிறது. அதில் மனம் நெகிழ்ந்த தொண்டரடிப்பொடியார், தோட்ட வேலைக்குத் தாம் வைத்திருந்த கருவிக்குத் திருமங்கையாரின் பெயர்களுள் ஒன்றான 'அருள்மாரி' என்பதைச் சூட்டினாராம். தம்மிடம் இருந்த ஒரே உடைமைக்குப் பெயர் வைத்து நன்றி செலுத்திய அந்த எளிமையை நான் பலமுறை எண்ணியதுண்டு.

மதில் ஒதுங்கிச் சென்ற அந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு நந்தவனத்தின் கிழக்கு வேலியோரம் வந்தேன். அடுத்த நிலம் முன்பு வாழைத்தோட்டம். இப்பொழுது அதில் மஞ்சள் வண்ணம் பூசிய எல்லைக் கற்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன, வீட்டுமனைகள். தீவெங்கும் இதுதான் நடக்கிறது. குடியிருக்க வீடு வேண்டாமா என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. ஆனால் கற்களின் இடையே இடுப்பளவு வளர்ந்த செடிகள் பசுமையாக வரிசை பிடித்து நிற்பதைக் கண்டு வியந்தேன். யார் வைத்தது என்று கேட்டேன்.

முதியவர் மண்வெட்டியால் மடையைத் திறந்துவிட்டு நிமிர்ந்தார். "நான்தான் ஐயா. கல் நட்டு மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் யாரும் வீடு கட்ட வரவில்லை. அதுவரைக்கும் நிலம் சும்மா கிடப்பானேன்? அகத்தி போட்டிருக்கிறேன்" என்றார்.